மாமனை முழுங்கிய மொக்குரு

ஒரு விஷயம் சுத்தமாகத் தெரியாதவனால் குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் வருவதில்லை. அவன் நாலு பேரிடம் கேட்டுக்கொள்வான். சின்ன வயதில் ஒன்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவன் இருக்கிறானே, அவன்தான் ஆபத்து. நான் அந்த ரகம். நான் கரைத்துக் குடித்தது மொக்குரு.

மொக்குரு ஜப்பான்காரர்களின் சிறுவர் சித்திரக்கதை. என் அப்பா பிறப்பதற்கு முன்பே தொடங்கியதாம். வரைந்தவர் காலமாகி, அவருடைய சீடர்கள் இன்னமும் வரைந்துகொண்டிருக்கிறார்கள். கரடியா பூனையா என்று சொல்ல முடியாத ஒரு குண்டு மிருகம், பசித்த பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சோறு போடும். அவ்வளவுதான் கதை. அதைக் கார்ட்டூனாக எடுத்து, தமிழில் பேசவைத்து, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் டிவியில் போட்டார்கள். எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; எங்கள் திண்ணனூர் நாட்டில் மழை வந்தால் கரண்ட் போய்விடும். மீதிக் கதையை நானே தங்கை செல்விக்கு நடித்துக் காட்டுவேன். ஆரஞ்சு நிற மொக்குரு கைகளை விரித்து, “குட்டி வயிறுகளே, வந்துட்டேன்!” என்று கூவும். அந்தக் குரல் எனக்கு அச்சு அசலாக வரும். (படிப்பு அப்படி வரவில்லை. அதை விடுங்கள்.)

செல்வியை ஆலத்தூர் நாட்டில் கொடுத்தோம். அவள் மகள் யாழினிக்குக் காதுகுத்து தள்ளித் தள்ளிப் போய், ஐந்து வயதில் நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். நான் ஒரே மாமன். சேலத்தில் செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வாழ்க்கையில் தானாகக் கிடைத்த ஒரே பதவி அது.

யாழினி போனில் கேட்டாள்: “காது குத்துனா வலிக்குமா மாமா?”

“வலிக்காது கண்ணு. உனக்கு என்ன வேணும் சொல்லு, மாமா கொண்டாரேன்.”

“மொக்குரு!”

எனக்குப் புல்லரித்துவிட்டது. மொக்குருவைப் புதிதாக மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அசலைப் பார்த்தவன் நகலைப் பார்ப்பானா? பார்க்கவில்லை. பிறந்தநாள் விழாக்களுக்கு வேஷ உடைகள் வாடகைக்கு விடும் கடைக்கு ஓடினேன். மற்ற உடைகள் எல்லாம் வெளியே போயிருக்க, ஆரஞ்சு மொக்குரு மட்டும் மூலையில் தூசி படிந்து கிடந்தது. அதை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை என்று மூளையுள்ள யாரும் யோசித்திருப்பார்கள். நான் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

காதுகுத்து அன்று காலை, கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்குப் பின்னால் நின்று உடையை மாட்டிக்கொண்டேன். தலையும் உடம்பும் ஒன்றாகத் தைத்தது. முதுகில் ஜிப். மாப்பிள்ளைதான் இழுத்து மூடினார்.

“மச்சான், மூச்சு வருதுங்களா?”

“வருது மாப்ள. யாழினி மூஞ்சிய மட்டும் பாருங்க இன்னிக்கு.”

குழந்தைகளுக்கு வாங்கிய பொம்மைகளை ஒரு சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு, கோயில் முன்னால் குதித்தேன். “குட்டி வயிறுகளே, வந்துட்டேன்!”

எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். உள்ளே எனக்கு “மொக்குரு, மொக்குரு” என்றுதான் கேட்டது. ஓடினார்கள். சந்தோஷத்தில் ஓடுகிறார்கள் என்று நானும் துரத்தினேன். ஒரு பையனைப் பிடித்து, சாக்கின் வாயைத் திறந்து, “உள்ள பாரு சாமி, உள்ள பாரு” என்று அன்பாகச் சொன்னேன். அவன் டவுசர் நனைந்துவிட்டது.

யாழினி பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்து மரவள்ளிக் காட்டுக்குள் பாய்ந்து மறைந்தாள்.

பந்தக்காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு பெரிய பிள்ளைதான் விஷயத்தைச் சொன்னது. “அது மொக்குரு இல்லீங்க, கக்குரு! மொக்குரு வெள்ளையா இருக்கும். இது மொக்குரு மாதிரியே பேசி ஏமாத்தி, புள்ளைங்கள சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிரும்!”

புதுத் தொடரில் மொக்குருவை வெள்ளையாக்கிவிட்டார்கள். பழைய ஆரஞ்சு உருவத்தை வீணாக்குவானேன் என்று அதை வில்லனாக்கிவிட்டார்கள். நான் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டது வில்லனை. சாக்கு என் சொந்தக் கற்பனை.

ஜிப்பை இழுத்தார்கள். அசையவில்லை. அப்படியே மரவள்ளிக் காட்டுக்குள் போனேன். (போகாமல் இருந்திருக்கலாம்.) இலைகளுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

“எங்க மாமா வரட்டும்! மாமா வந்தாத்தான் வருவேன்!”

“நாந்தான் கண்ணு மாமா!”

அழுகை நின்றது. பிறகு இரண்டு மடங்காகக் கிளம்பியது. “அம்மா! அது மாமா குரலத் திருடிருச்சும்மா!”

என்னிடமிருந்து காப்பாற்ற அந்தக் குழந்தை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு அடி முன்னால் வைத்தால் அது இரண்டு அடி பின்னால் போனது. அந்த உடைக்குள் எனக்கு வியர்த்த வியர்வையில் கொஞ்சம் கண்ணீரும் இருந்தது. வெளியே யாருக்கும் தெரியவில்லை. வெளியே நான் சிரித்த முகமாக, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மாப்பிள்ளை கொடுவாளை எடுத்து முதுகைக் கிழித்தார். வெறும் முண்டா பனியனோடு, அவர்கள் வீட்டுச் சனம் மொத்தமும் பார்க்க, இடுப்புவரை வெளியே வந்தேன். அதை யாழினி இலைகளுக்குள்ளிருந்து பார்த்துவிட்டாள்.

“மாமாவ முழுங்கியிருந்துச்சு!” என்று வீறிட்டாள். பாதி மாமா வெளியே, பாதி மாமா இன்னும் ஆரஞ்சுக்குள். அவள் பார்வையில் வேறு எப்படித் தெரியும்?

அதற்குள் ஆசாரி ஊசியோடு எழுந்து நின்றுவிட்டார். செல்வியின் மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். “நல்ல நேரம் முடியப் போவுதுங்க. புள்ள மாமன்கிட்ட வராது. பெரியப்பன் மடில வெச்சுக் குத்திப்போடலாம்.” கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன்மையாகச் சொன்னார்.

பெரியப்பா மடியில்தான் குத்தினார்கள். நான் யாரோ போர்த்திவிட்ட துண்டோடு, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன், அவள் கண்ணில் படாதபடி. குத்தும்போது அவள் “மாமா” என்று ஒரு முறை கூப்பிட்டாள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

செல்வி என்னைத் திட்டவே இல்லை. மொச்சைக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “பரவால்லண்ணா, நீ சாப்புடு” என்றாள். அவள் புகுந்த வீட்டில் தலை நிமிர்ந்து உட்கார வேண்டிய நாள் அது. அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. கிழிந்த உடைக்குக் கடைக்காரரிடம் கேட்ட பேச்சையெல்லாம் எழுதினால் இந்தக் கதையைக் குழந்தைகள் படிக்க முடியாது.

சில வருஷம் கழித்து செல்வியின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. மாப்பிள்ளை அடித்த பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயரைப் போட்டு, அதன் கீழே அடைப்புக்குறிக்குள் ‘சொந்த முகத்தில்’ என்று அச்சிட்டிருந்தார். இன்றைக்கும் அந்த வீட்டு விசேஷத்துக்கு நான் போய் இறங்கினால், “வாங்க மச்சான், உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?” என்றுதான் வரவேற்பு. மாமனார்வரை சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

யாழினி மட்டும் அந்த இரண்டாவது காதுகுத்து அன்று சிரிக்கவில்லை. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்ததும், பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து என் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன கண்ணு?”

“ஒண்ணுமில்ல மாமா. நீ மறுபடியும் எதுக்குள்ளயாவது போய் மாட்டிக்குவ. நான் புடிச்சுக்கறேன், நீ தம்பியப் பாரு.”