வகுப்புத் துணை

அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். என் பெண் அந்தப் படிப்பில் சேரக் கூடாது. உலகமே தலைகீழாக நின்றாலும் சரி, என் மனைவி முறைத்தாலும் சரி. உலகத்தைச் சமாளித்துவிடலாம், முறைப்பைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அதனால் கண்ணாடியைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லிக்கொண்டேன்.

அவள் ஏதோ நுழைவுத் தேர்வு எழுதி சீட் வாங்கியிருந்த அந்தப் படிப்பின் பெயர் ஆக்சுவேரியல் சயின்ஸ். வாய்க்குள் நுழையவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"அது என்னம்மா படிப்பு?"

"யாருக்கு எப்போ என்ன ஆகும்னு கணக்குப் போடறதுப்பா. அதை வச்சுத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில பிரீமியம் முடிவு பண்ணுவாங்க."

"ஜோசியம்னு சொல்லு."

"ஜோசியர் ஒருத்தருக்குச் சொல்லுவார். நாங்க லட்சம் பேருக்குச் சொல்லுவோம்."

சேரவே இல்லை, அதற்குள் 'நாங்க'! எனக்குப் பகீரென்றது.

அந்தக் கல்லூரி ஊரின் மறுகோடியில் இருக்கிறது. ரயில் பிடித்து, இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். நான் படித்த கல்லூரியோ பக்கத்துத் தெரு. அங்கே பி.காம். சேர்ந்தால் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை வெளியே சொன்னால் அப்பன் என்ற கெத்து என்ன ஆவது? ஆகவே சூழ்ச்சியில் இறங்கினேன்.

எதிர்வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவர். அவரைப் போய்ப் பிடித்தேன்.

"வந்து பொண்ணைக் கொஞ்சம் பயமுறுத்திட்டுப் போங்க சார். டிகிரி முடிஞ்சாலும் பரீட்சை முடியாதுன்னு சொல்லுங்க."

"அது நிஜமாவே முடியாது சார்," என்றார். எனக்கு ஏக சந்தோஷம்.

சாயங்காலம் வந்தார். சோபாவில் சாய்ந்து, காபியை உறிஞ்சி, அருமையாக ஆரம்பித்தார்.

"பாப்பா, இந்த டிகிரி வெறும் ஆரம்பம்தான். அப்புறம் பரீட்சை வரிசைகட்டி நிக்கும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எழுத ஆரம்பிச்சப்போ தலை நிறைய முடி. எல்லாம் பாஸ் பண்ணி முடிச்சப்போ சீப்பே தேவைப்படலை."

சபாஷ் என்று மனசுக்குள் தட்டிக்கொடுத்தேன். அப்போது சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஏண்ணே, அதுல எந்த மாதிரி கணக்கு வரும்?"

"இப்ப உங்க வீட்டுக்காரர் வயசுல ஆயிரம் ஆம்பளைங்க இருக்காங்கன்னு வைங்கம்மா. அடுத்த வருஷம் அதுல எத்தனை பேர் இருக்க மாட்டாங்கன்னு…"

"சார்!" என்று அலறினேன்.

"இவர் நடக்கறதே இல்லைண்ணே. அதையும் சேர்த்துக்கணுமா?"

"கண்டிப்பா."

"மாடி ஏறினா மூச்சு வாங்குது."

"அடடே!"

"தொட்டதுக்கெல்லாம் கோபம் வேற."

எதிர்வீட்டுக்காரர் வந்த வேலையைச் சுத்தமாக மறந்துவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பிரீமியம் எகிறும் சார்."

"எவ்வளவு இன்ட்ரஸ்டிங்கா இருக்குப்பா!" என்று பெண் துள்ளினாள். அடிப்பாவி, நான் சாவது உனக்கு இன்ட்ரஸ்டிங்கா?

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "அவ்வளவு தூரம் தனியா அனுப்ப மாட்டேன். அதே வகுப்புல நமக்குத் தெரிஞ்ச துணை இருந்தா போகட்டும்." அவளுடைய சிநேகிதிகள் ஒருத்திகூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "துணை இருந்தா அனுப்புவீங்களா?"

"தாராளமா!"

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"சார்தான் சாட்சி!"

"அப்ப சரி. நான் போறேன்."

"எங்கே?"

"அதே வகுப்புக்குத்தான். எனக்கும் சீட் கிடைச்சிருக்கு."

எனக்குக் காது அடைத்தது. "சீட்டா? உனக்கா? எப்படி?"

"நுழைவுத் தேர்வு அன்னிக்கு லீவு கிடையாது, நீ துணைக்குப் போன்னு சொன்னது யாரு?"

"வாசல்ல உக்காரத்தானே சொன்னேன்!"

"வாசல்ல வெயில். உள்ளே ஃபேன் ஓடும்னு தெரியும். அதான் முன்னாடியே நானும் அப்ளிகேஷன் போட்டு வச்சேன்."

"உன் வயசுக்கு…"

"வயசு வரம்பு இல்லை, கேட்டாச்சு. பன்னெண்டாவதுல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவ நான். மேல படிக்க எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? கல்யாணம்னு சொல்லி இழுத்துட்டு வந்தீங்க." சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது.

"அம்மாவுக்கு என்னைவிட மார்க் ஜாஸ்திப்பா," என்றாள் பெண்.

"நான் சாட்சி," என்றார் எதிர்வீட்டுக்காரர், கேட்காமலே.

இருவரும் சேர்ந்தார்கள். காலையில் இரண்டு பைகள் ரயிலுக்கு ஓடும். நான் பாத்திரம் தேய்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடுவேன். ஒருநாள் பெற்றோர் கூட்டம் என்று கல்லூரியிலிருந்து தகவல் வந்தது.

"வழக்கம்போல நீயே போயிட்டு வந்துடேன்," என்றேன்.

"நான் எப்படிங்க போறது? நான் ஸ்டூடன்ட். ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்கதான் வரணும்."

போனேன். இளம் பேராசிரியர் எழுந்து நின்று கை குலுக்கினார். "சின்னவங்க தங்கம் சார். பெரியவங்க கணக்குல புலி. ஆனா வகுப்புல என்னை வாயைத் திறக்கவே விடறதில்லை. வீட்டுல நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

பாவம், அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.