உங்கள் தங்கையைத் தீவிலிருந்து திருப்பி அனுப்பக் கோரி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள், உங்கள் மூட்டுவலியும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறையை எழுதியாயிற்று. இனி உண்மையை எழுதுகிறேன்.

உங்கள் தங்கை வீட்டில் இல்லை. தீவில் இருக்கிறாள். எங்கள் திருமண நாளுக்கு நீங்கள் பரிசாக அனுப்பினீர்களே ஒரு சீட்டு, இருவர் போய்க் கூடாரத்தில் தங்கி இயற்கையை ரசித்து வரலாம் என்று, அதே மணல் தீவில். போனது இருவர், வந்தது நான் ஒருவன். நீங்கள் அவளுக்கு மூத்தவர். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவளுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள், ‘வீட்டுக்குப் போ’ என்று. அது போதும். அண்ணன் பேச்சை இதுவரை தட்டியதில்லை என்று அவளே பெருமை பேசுவாள். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் தலைமையாசிரியராக இருந்தவர். மணலைப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். நான் கட்டட மேஸ்திரி. கரண்டி பிடித்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள்வரை மணலோடு புழங்கியவன். பள்ளிக்கூட வாசலைச் சரியாக மிதிக்காமலேயே கட்டட வரைபடம் படிக்கத் தானாகக் கற்றுக்கொண்டு, எஞ்சினியர் செய்த தப்பை எஞ்சினியருக்கே காட்டியவன். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தால் போதும், எது பூச்சுக்கு ஆகும், எது பள்ளம் நிரப்பத்தான் லாயக்கு என்று சொல்லிவிடுவேன். உங்கள் தீவு மணல் எதற்கும் ஆகாது. ஒரே உப்பு. மாவு போல் பொடி. லாரியில் வந்திருந்தால் இறக்கவே விட்டிருக்க மாட்டேன். அதைப் பார்க்கத்தான் படித்த ஜனங்கள் தொப்பி போட்டுக்கொண்டு படகுத்துறையில் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

படகில் ஏறுமுன் எல்லோருக்கும் ஒரு மிதவைச் சட்டை கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்ததில் கொக்கி எட்டவில்லை. சட்டை சின்னது என்றேன். படகோட்டி என் வயிற்றைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கே அவனை அறைந்திருக்கலாம். எங்களோடு ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். தீவு கண்ணில் பட்டதும் பல் டாக்டர் “ஆகா, என்ன ஒரு வெறுமை” என்று உருகினார். வெறுமையைப் பார்க்க அவர் அவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. என் பின்வரிசைப் பற்கள் இருந்த இடத்தைக் காட்டியிருப்பேன்.

இறங்கியதும் தீவின் காவல்காரி வந்தாள். சின்னப் பெண். கழுத்தில் ஒரு விசில், ஒரு தூரக்கண்ணாடி. அங்கே போகாதீர்கள், இங்கே மிதிக்காதீர்கள், சங்கு பொறுக்காதீர்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். எதையும் செய்யக் கூடாத இடத்துக்கு ஏன் கூப்பிடுகிறார்கள் என்று நான் கேட்டதற்குச் சிரித்தாள். கழிப்பறை என்று ஒரு மரக்கூண்டைக் காட்டினாள். உள்ளே தண்ணீர் கிடையாது, ஒரு வாளி மரத்தூள் இருந்தது. அதை அள்ளிப் போட வேண்டுமாம். ஊரெல்லாம் குழாய் இழுத்துக் கொடுத்தவனுக்கு இந்த மரியாதை.

பிறகு கூடாரம். கரை நெடுகக் கடல்பாசி காய்ந்து கறுப்பாய் ஒரு கோடு கிடந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே, மேட்டில், எங்கு வேண்டுமானாலும் கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். மேட்டைப் பார்த்தேன். ஒரு முழம் இடம் சமமாக இல்லை. படுத்தால் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் உருளும். கோட்டுக்குக் கீழே பார்த்தேன். கண்ணாடி போல் தரை. இவ்வளவு அருமையான மட்டத்தை என் ஆட்கள் யாரும் எனக்கு எடுத்துக் கொடுத்ததில்லை. பையிலிருந்து நூலை எடுத்தேன். ஆம், நூல் கொண்டு போயிருந்தேன், மட்டப்பலகையும்தான். நூல் பிடித்து, முளை அடித்து, கூடாரத்தைக் கோடு பிசகாமல் நிறுத்தினேன். பல் டாக்டர் வந்து பார்த்து அசந்துபோய், அவருடையதையும் அதே நூலில் நிறுத்தித் தரச் சொன்னார். நிறுத்தித் தந்தேன். உங்கள் தங்கை மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, அந்தப் பொண்ணு மேல போடச் சொல்லுச்சு.”

“அந்தப் பொண்ணுக்கு மட்டம் பாக்கத் தெரியுமா?” என்றேன்.

“கடல் பாத்திருக்கும்” என்றாள். சொல்லிவிட்டு, பறவை பார்க்கப் போகிறேன் என்று அந்தப் பெண்ணோடு நடந்துவிட்டாள்.

ரொட்டியும் மணலும் கலந்து மதியச் சாப்பாடு முடித்து, கண்ணயர்ந்தேன். குளுகுளுவென்று இருந்தது. தீவைப் பற்றி எனக்கு வந்த ஒரே நல்ல எண்ணம் அப்போதுதான் வந்தது. திரும்பிப் படுத்தால் தலையணை மிதக்கிறது. பக்கத்துக் கூடாரத்தில் பல் டாக்டர் யாரையோ கூப்பிடுகிறார். வாயில் தண்ணீர் போயிருந்ததால் யாரை என்று தெரியவில்லை. நான் ஜிப்பைத் தேடுவதற்குள் கூடாரம் என்னையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது. அந்தப் பெண் ஓடி வந்து துணியைப் பிடித்து இழுத்து, பிரசவம் பார்ப்பதுபோல் என்னைத் தலைவழியாக வெளியே எடுத்தாள். தரை மட்டமாக இருந்ததற்குக் காரணம், தினமும் கடல் வந்து அதை மட்டம் தட்டிவிட்டுப் போவதுதானாம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? கோட்டுக்கு மேலே போடு என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். காரணம் சொல்லாத உத்தரவை நான் எஞ்சினியரிடமே ஏற்றதில்லை. தப்பு முழுக்க அவளுடையது. பல் டாக்டரோ, “உங்கள நம்பித்தானே சார் போட்டேன்” என்று என்னிடமே குறைப்பட்டார். அவரை நம்பி வாய் திறப்பவர்களை நினைத்துக்கொண்டேன். அவர் மனைவி அதன்பிறகு அவரோடு பேசவில்லை. அதுவும் என் கணக்கில்தான் எழுதப்பட்டது.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. தீவின் நடுவில் கயிறு கட்டி ஓர் இடத்தை மறித்திருந்தார்கள். ஆலா என்று ஒரு பறவை அங்கே முட்டையிட்டிருக்கிறது. கூடு கிடையாது. அஸ்திவாரம் கிடையாது, சுவர் கிடையாது, கூரை கிடையாது. வெறும் மணலில் குழி பறித்து முட்டையை வைத்துவிட்டு, மிதிக்காதே என்று ஊரைத் திட்டுகிற ஜாதி. என்னை இழுக்க ஓடி வந்தபோது அந்தப் பெண் தன் விசிலை உங்கள் தங்கையிடம் கொடுத்து, கயிற்றருகே யாரையும் விட வேண்டாம் என்று உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறாள். நான் சொட்டச் சொட்ட நனைந்து, காய்ந்த துணி கிடைக்குமா என்று தீவின் படகுத்துறையை நோக்கி நடக்கிறேன். பின்னால் பல் டாக்டரும் இன்னும் நாலைந்து பேரும் வருகிறார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டினால் படகுத்துறைக்குக் குறுக்கு வழி. உங்கள் தங்கை எழுந்து நின்றாள். விசிலைக்கூட ஊதவில்லை.

“நில்லுங்க” என்றாள்.

மச்சான், எல்லோரும் நின்றார்கள். பல் டாக்டர் தூக்கிய காலை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மட்டும் நடந்தேன். பழக்கதோஷம். அவள் நில் என்று சொல்லி நான் எப்போது நின்றிருக்கிறேன்? இரண்டு எட்டு வைப்பதற்குள் அந்தப் பறவைகள் மொத்தமாக எழும்பி என் தலைமேல் பாய்ந்தன. கொத்தியதோடு விட்டிருந்தால் எழுதியிருப்பேன். மற்றதைக் கடிதத்தில் எழுத முடியாது. தலையைக் கழுவக் கடலுக்குத்தான் மறுபடி ஓட வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் உங்கள் தங்கை அந்த ஜனங்களைச் சுற்றுவழியில் கைகாட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அவர்களும் ‘சரிங்கம்மா’, ‘சரிங்கம்மா’ என்று வரிசையாகப் போகிறார்கள்.

மறுநாள் காலை படகு வந்தது. என் ஈர மூட்டையை ஏற்றிவிட்டு, அவளுக்குக் கை நீட்டினேன். அவள் கரையிலேயே நின்றாள்.

“நீங்க போங்க. குஞ்சு பறக்குற வரைக்கும் நான் இருந்துட்டு வரேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு.”

“உனக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒண்ணும் இல்ல. இங்க நான் நில்லுங்கன்னா நிக்கிறாங்க.”

“இது ஒரு காரணமா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஆமாங்க” என்றாள்.

படகோட்டி கயிற்றை அவிழ்த்துவிட்டான். அவனுக்கு என்ன அவசரமோ.

இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு வீட்டில் ஒரு குறையும் இல்லை. சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும். ஆனால் நான் ஒன்று சொன்னால் ‘அப்படி இல்லைங்க’ என்று சொல்ல ஆளில்லை. மறுக்க ஆளில்லாத வீட்டில், சொன்னது சரிதானா என்று எப்படித் தெரியும்? நேற்று மழை வராது என்று உரக்கச் சொன்னேன். சுவர் கேட்டுக்கொண்டது. துணியைக் கொடியில் விட்டேன். மழை வந்தது. இது யாருடைய பொறுப்பு? அவளைத் தீவுக்கு அனுப்பிய உங்களுடைய பொறுப்பு. பரிசு கொடுப்பதாக இருந்தால் வருகிற ஆண்டு ஒரு போர்வை கொடுங்கள். போர்வை மனுஷரைப் பிரிக்காது.

ஆகவே உடனே அவளுக்கு எழுதுங்கள். நான் கேட்டேன் என்று எழுத வேண்டாம். உங்களுக்கே தோன்றியதுபோல் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த கல்வியோடும், கடற்கரைப் பக்கமே போகாத புத்தியோடும் விளங்க வாழ்த்துகிறேன். அக்காவுக்கு என் வணக்கம். உங்களுக்கும், கோபம் போக மிச்சமிருக்கிற வணக்கம்.

இப்படிக்கு,
ஒரு குற்றமும் செய்யாத
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். சற்றுமுன் அந்தப் படகோட்டி வாசலில் வந்து நின்றான். கூட்டம் அதிகமாம், கயிறு கட்டிய இடத்துக்கு மறுபக்கத்தில் காவலுக்கு உட்கார ஆள் வேண்டுமாம். “ஐயாவ அம்மா வரச் சொன்னாங்க. ஆனா எங்க உக்காரணும், எங்க படுக்கணும்னு அம்மாதான் சொல்வாங்களாம். சம்மதம்னா நாளைக்குப் படகுல வரலாம், இல்லன்னா வேணாமாம்” என்றான். மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனவே அவளுக்கு நீங்கள் தயவுசெய்து எதுவும் எழுத வேண்டாம். நீங்கள் எழுதினால் கேட்டுத் தொலைப்பாள். நான் போய் இறங்கும்போது அவள் கிளம்பி வந்துவிட்டிருந்தால், அந்த உருப்படாத மணலில் எனக்கு என்ன வேலை?