என் ஓட்டுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

அன்று கோயிலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி பஞ்சவர்ணம், என் மகள் கயல்விழி, ஆரப்பாளையத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் என் மச்சான் சோலைராசு, பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் எங்கள் வருங்காலச் சம்பந்தி தவமணி, பூசாரி முத்திருளன். ஆக ஆறு பேர். ஆத்தாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாய் ஒன்றும் அங்கே நின்றது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தப்பு என்னுடையது.

வேலை ஒன்றே ஒன்றுதான். ஓட்டுப் போட வேண்டும்.

ஊரே போடுகிறது. கே.கே. நகரில் எங்கள் தெருவில், கட்டிலை விட்டு எழுந்திருக்காத மனிதர்கூட ஆட்டோவில் போய்ப் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டார். எனக்கு மட்டும் அது கல்யாணக் காரியமாகிவிட்டது!

ஏன் என்று சொல்கிறேன்.

மச்சான் ஒரு கட்சி. சம்பந்தி அதற்கு நேர் எதிர்க் கட்சி. இந்தத் தடவை தேர்தல் சும்மா தேர்தல் இல்லை. எங்கள் தெரு டீக்கடையில் பேப்பரை இரண்டாகக் கிழித்து, இந்தக் கட்சி ஆட்கள் பாதி, அந்தக் கட்சி ஆட்கள் பாதி என்று படித்தார்கள். கடைக்காரர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது என்றார்.

கயல்விழிக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஓட்டு நாளுக்கு ஒரு வாரம் முன்னால் மச்சான் வந்து சொன்னார்.

"மாப்ள, உன் ஓட்டு நம்ம ஆளுக்குத்தான். மாத்திப் போட்டேன்னு வையி, தாய்மாமன் மாலையை நீயே கூரியர்ல வாங்கிக்க. நான் மண்டபத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போடாமல் பெண் மேடை ஏறுவதில்லை.

அன்று சாயங்காலமே சம்பந்தி போன் போட்டார்.

"சம்பந்தி, உங்க ஓட்டு எங்க ஆளுக்குன்னு பரவை பூராவும் சொல்லி வச்சிருக்கேன். என் மானத்தை வாங்கிராதீங்க. அப்புறம் கல்யாணத் தேதியை நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

மாப்பிள்ளையின் அப்பா தேதியை யோசித்தால் கல்யாணம் எப்படி நடக்கும்?

"ஓட்டு ரகசியம்தானே! ரெண்டு பேருகிட்டயும் உங்களுக்குத்தான் போட்டேன்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள் பஞ்சவர்ணம்.

முடியாது. பொய் சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும். நூல்கடையில் சரக்கு எண்ணி அடுக்கும் வேலையில் இருந்த காலத்திலேயே, நான் பேசும்போது முதலாளி என் முகத்தைப் பார்க்க மாட்டார். காதைத்தான் பார்ப்பார்.

சரி, வேட்பாளர்களில் யாராவது ஒருவரை எனக்குப் பிடித்திருந்தால் துணிந்து போட்டிருப்பேன். மச்சான் ஆள் எங்கள் தெருவுக்கு வந்தார். ஜீப்பில் நின்று கும்பிட்டார். நான் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிப் பதிலுக்குக் கும்பிடுவதற்குள் ஜீப் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. சம்பந்தி ஆளும் வந்தார். டெல்லியைப் பற்றியே பேசினார். அவர் நின்று பேசியது எங்கள் தெருச் சாக்கடை மூடி மேல். அது பாதி உடைந்த மூடி. அவர் பேசி முடித்தபோது மீதியும் உடைந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த இரண்டு பேருக்காக என் மகள் கல்யாணம் நிற்பதா?

யோசித்தேன். மச்சானும் சம்பந்தியும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்று உண்டு. இருவருக்கும் எங்கள் தெருக்கோடிக் காளியம்மன் மேல் பயம். ஆகவே சொன்னேன்.

"நான் முடிவு பண்ணல. ஆத்தா முடிவு பண்ணட்டும். பூக்கட்டிப் பாத்துருவோம்."

இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் வைத்து, தீபாராதனை காட்டி, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமி வாக்கு. பெண் பார்ப்பது, வீடு வாங்குவது எல்லாவற்றுக்கும் பார்ப்பார்கள். ஓட்டுக்குப் பார்த்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

"ஆத்தா சொன்னா மறுபேச்சு இல்ல" என்றார் மச்சான்.

"அதேதான்" என்றார் சம்பந்தி.

ஓட்டு நாளன்று காலையிலேயே இருவரும் தங்கள் ஓட்டைப் போட்டுவிட்டு, விரலில் மையோடு வந்து நின்றார்கள்.

முதல் தகராறு நிறத்தில் வந்தது. இரண்டு பேருக்கும் சிவப்பு வேண்டும். ஆத்தாவுக்கு உகந்தது சிவப்பாம்! நான் சிவப்பையே தள்ளுபடி செய்தேன். மூத்தவரான மச்சானுக்கு மஞ்சள், சம்பந்திக்கு வெள்ளை.

எதையும் திருத்தமாகச் செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மல்லிகை வைத்தால் வாசனை காட்டிக்கொடுக்கும். அதனால் மஞ்சள் சாமந்தி ஒன்று, வெள்ளைச் சாமந்தி ஒன்று. இரண்டும் ஒரே அளவு. பேப்பரில் மடித்தால் நிறம் வெளியே தெரியும். அதனால் பச்சை வாழையிலையில் மடித்து வாழைநாரால் கட்டினேன்.

என் வாழ்க்கையில் இம்புட்டு அழகாகப் பொட்டலம் கட்டியதில்லை.

கட்டி வைத்துவிட்டுக் கால் கழுவக் குழாயடிக்குப் போனேன். மிச்ச இலைத்துண்டும் நாரும் மண்டபத்திலேயே கிடந்தன. திரும்பி வந்தேன். பூசாரி தட்டை எடுத்தார். தட்டைப் பார்த்தாலே என் கண் தானாக எண்ணிவிடும்.

ஐந்து!

"நான் கட்டினது ரெண்டு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

மச்சான் கோபுரத்தைப் பார்த்தார். சம்பந்தி செருப்பு கிடக்கிறதா என்று வாசலைப் பார்த்தார்.

பிரித்தோம். மஞ்சள் இரண்டு. வெள்ளை இரண்டு. ஐந்தாவதில் வேப்பிலை.

"ரெண்டு மாமாவும் செஞ்ச வேலை தெரியுது. வேப்பிலை யாரு கட்சி?" என்று கேட்டாள் கயல்விழி. தாய்மாமனும் மாமா, வரப்போகும் மாமனாரும் மாமா. அவளுக்கு அது வசதி. ஒரே அதட்டலில் இரண்டு பேரையும் அடக்கிவிடலாம்.

பூசாரி தலையைச் சொறிந்தார்.

"என் மச்சினன் மகன் சுயேச்சையா நிக்கிறான்ணே. தையல் மிஷின் சின்னம். ஆளில்லாத பய. ஒரு வாய்ப்பு குடுத்துப் பாப்போம்னுதான்..."

"பூசாரியே கள்ள ஓட்டுப் போட்டா எப்படிய்யா?" என்று மச்சான் குதித்தார்.

"நீங்க மட்டும் என்ன போட்டீங்களாம்?" என்றார் சம்பந்தி.

"நீரு போட்டதாலதானய்யா நான் போட்டேன்!"

"நான் எப்பப் போட்டேன்னு நீரு எப்படிப் பாத்தீரு? உம்ம பொட்டலத்தை வைக்கப் போகும்போதா?"

"ஆத்தா முன்னால கட்சி பேசாதீங்க. மஞ்சள்னு சொல்லுங்க, வெள்ளைன்னு சொல்லுங்க" என்றார் பூசாரி. வேப்பிலையைக் காதில் செருகிக்கொண்டார்.

மறுபடியும் முதலிலிருந்து. மூன்றைத் தள்ளிவிட்டு, என் இரண்டையும் கட்டி, தட்டில் வைத்தேன். இந்தத் தடவை நகரவில்லை. தட்டுக்குப் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"எலெக்சன் ஆபீசர்கூட இம்புட்டு உசாரா உக்கார மாட்டார்" என்றாள் பஞ்சவர்ணம்.

மணி அடித்தது. சூடம் எரிந்தது. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நானும் மூடினேன். சாமி முன்னால் கண்ணைத் திறந்துகொண்டா உட்கார முடியும்?

கண்ணைத் திறந்தேன். எண்ணினேன்.

ஒன்று.

தட்டுக்கு அந்தப் பக்கம் கிடாய் நின்றது. வாயோரம் வாழைநார் தொங்கியது. நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"அய்யய்யோ!" என்று பூசாரி பாய்ந்து அதன் வாயைப் பிடித்தார். நார் மட்டும்தான் கையில் வந்தது.

பேப்பரில் கட்டியிருந்தால் தின்றிருக்குமா? சரி, மதுரைக் கிடாய் சுவரொட்டியையே தின்னும். ஆனாலும் வாழையிலையைப் பந்தி விரித்ததுபோல அதன் முன்னால் வைத்தவன் நான்தான்.

மிச்சம் இருந்த பொட்டலத்தைப் பிரித்தோம். மஞ்சள்.

"முடிஞ்சு போச்சு! தட்டுல நிக்கிறது மஞ்சள். ஆத்தா வாக்கு குடுத்துட்டா! மாப்ள, கிளம்பு பூத்துக்கு" என்று மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எங்க கிளம்புறது?" என்று சம்பந்தி மறித்தார். "அது யாரு கிடாய்? ஆத்தா கிடாய். ஆத்தா கிடாய் எதை எடுத்துச்சு? வெள்ளையை எடுத்துச்சு. எடுத்ததுதானய்யா வாக்கு!"

"அது எடுக்கலய்யா, தின்னுருச்சு. ஆகாததை ஒழிச்சுக் கட்டிருச்சு!"

"ஆகாததை யாராச்சும் ருசிச்சுத் திம்பாகளா? அது மொகத்தைப் பாரும். எம்புட்டு திருப்தியா இருக்கு!"

எல்லோரும் கிடாயின் முகத்தைப் பார்த்தோம். உள்ளபடி சொன்னால் திருப்தியாகத்தான் இருந்தது.

"பூசாரி, நீங்க சொல்லுங்க. வழக்கம் என்ன?" என்று கேட்டேன்.

"கிடாய் பூ எடுத்து நான் இதுவரைக்கும் பாத்ததில்லண்ணே. கிடாயை நாங்க எடுத்துத்தான் பழக்கம்" என்றார்.

மச்சான் சம்பந்தியை நோக்கி ஒரு அடி வைத்தார். சம்பந்தி மச்சானை நோக்கி ஒரு அடி வைத்தார். நடுவில் நான். தெருவில் இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அப்படியே கருவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

"இந்த ஆளு வீட்டுக்கா என் மருமகளை அனுப்புறது? கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" என்றார் மச்சான்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்!" என்றார் சம்பந்தி.

பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள்.

அந்த நேரத்தில் தட்டில் இலை சரசரத்தது. யாரும் கவனிக்காத இடைவெளியில் கிடாய் மஞ்சள் சாமந்தியையும் முடித்துவிட்டது. இலையோடு. நாரோடு.

கயல்விழிதான் முதலில் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். அவள் சிரிப்பை நிறுத்தினால் வீட்டில் நாங்கள் மூச்சையும் நிறுத்துவோம்.

"ரெண்டு மாமாவும் கேளுங்க. தாய்மாமா இல்லாட்டி கல்யாணம் நடக்காது. மாமனார் இல்லாட்டியும் நடக்காது. சரிதானே?"

"சரிதான் தாயி" என்றார்கள் இருவரும். முதல் தடவையாக ஒன்றாகப் பேசினார்கள்.

"நான் இல்லாட்டி நடக்குமா?"

மச்சான் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"அப்பா போய் அவருக்குத் தோணுனதைப் போடட்டும். யாருக்குப் போட்டீங்கன்னு இன்னைக்கு இல்ல, என்னைக்குமே யாரும் கேக்கக் கூடாது. யார் கேட்டாலும் நான் மேடை ஏற மாட்டேன். ஆத்தா மேல சத்தியம்."

அவள் கையை அடித்துச் சத்தியம் செய்தது காலித் தட்டில். டங்கென்று சத்தம் வந்தது. கிடாய் திரும்பிப் பார்த்தது.

நான் பூத்துக்குப் போனேன். தனியாக. மிஷின் முன்னால் நின்றேன். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பேராகப் படித்தேன். கும்பிட்டுவிட்டு ஓடியவர் இருந்தார். மூடியை உடைத்தவர் இருந்தார். தையல் மிஷினும் இருந்தது. கீழே, யாரும் வேண்டாம் என்பதற்கும் ஒரு பட்டன். மறுபடியும் மேலிருந்து படித்தேன்.

"அய்யா, மிஷின் ரிப்பேரா?" என்று மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஆபீசர் கேட்டார்.

"இல்ல சார், நான்தான் ரிப்பேர்" என்றேன்.

வரிசையில் சிரிப்பு கேட்டது. வெட்கம் தாங்காமல் ஒன்றை அமுக்கினேன். அரை மனதுதான். ஆனால் விரல் தவறி அமுக்கவில்லை. எதை அமுக்கினேன் என்று நீங்களும் கேட்காதீர்கள். என் மகள் சத்தியத்தில் உங்களுக்கு மட்டும் விலக்கு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய கூத்து. கேட்கக் கூடாது, ஆனால் தெரியாமல் இருக்கவும் முடியவில்லை!

மச்சான் தினமும் வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, லட்டுப் பெட்டியோடு வந்தார்.

"சும்மாதான் வந்தேன் மாப்ள. ஆமா, நீ அமுக்குன பட்டன் மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

"மாமா!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அவன் முதுகுவலிக்காகக் கேட்டேன் தாயி. குனிஞ்சானா இல்லையான்னு தெரியணும்ல?"

ஓட்டு எண்ணிய அன்று சம்பந்தி போன் போட்டார்.

"சம்பந்தி, இன்னைக்கு நீங்க சந்தோசமா இருக்கீகளா, வருத்தமா இருக்கீகளா?"

"வெயில் ஜாஸ்தி சம்பந்தி" என்றேன்.

மச்சான் லட்டோடு போய் வருகிறார் என்பது பரவைக்குத் தெரிந்துபோனது. மறுநாள் வெங்காய லாரியில் சம்பந்தி வீட்டு லட்டு வந்து இறங்கியது. அதைப் பார்த்து மச்சான் இரண்டு மடங்காக அனுப்பினார். என் வாயைத் திறக்க வைக்க இரண்டு பேரும் போட்டி போட்டதில், கல்யாணப் பந்திக்கு லட்டு நாங்கள் வாங்கவே இல்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாய்மாமன் மாலை போட்டார். சம்பந்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "இந்த ஆளு யாருக்குத்தான் போட்டிருப்பாரு?" என்று ஒருவருக்கொருவர் காதில் குசுகுசுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

பந்தி முடிந்து எண்ணிப் பார்த்தேன்: லட்டு மிச்சம் முந்நூற்றுப் பதினேழு.