மாமனார் தந்த டிரில்

டிரில் 'விர்ர்ர்' என்று சுற்றியது. சுவர் சும்மா நின்றது.

செந்தில்வேல் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு உடம்பையும் மெஷின் மேல் சாய்த்து அழுத்தினான். சுவரில் மிளகு அளவுக்குக்கூடக் குழி விழவில்லை. பெயிண்ட் மட்டும் அந்த இடத்தில் பளபளவென்று மெருகேறியது.

மணி ஒன்பது நாற்பது. பதினோரு மணிக்கு மாமனார் வருகிறார்!

"வள்ளி! அந்தப் புக்குல என்ன போட்டிருக்குன்னு பாரு!"

மூக்குக் கண்ணாடியைக் காணாத அவன் மனைவி ஆனந்தவள்ளி, டிரில்லோடு வந்த புத்தகத்தைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து எழுத்துக் கூட்டினாள். "'எங்கள் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி'ன்னு போட்டிருக்குங்க."

"நன்றியத் தள்ளுட்டி! ஓட்டை எப்படிப் போடணும்னு பாரு!"

"மொதல்லேர்ந்து படிச்சாத்தானே வெளங்கும்?"

மாமனார் இசக்கியப்பன், ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். வாசுதேவநல்லூர்க்காரர். போன வருஷம் இந்தத் தென்காசி வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று இரண்டு பொருள்கள் கொடுத்தார். ஒன்று, பெட்டியோடு இந்த வயரில்லாத டிரில். இன்னொன்று, அவர் மெடல் வாங்கும் படம். கண்ணாடி, சட்டம் எல்லாம் சேர்த்து ஏழு கிலோ.

"மாப்ளைக்குப் பேனா புடிக்கத்தான் தெரியும்னு ஊருல சொல்லுதாவ," என்று பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தார். "இந்த மெஷினப் புடிச்சு, இந்தப் படத்த நீங்களே மாட்டணும் மாப்ள!"

டிரில் பரண் ஏறியது. படம் பீரோவுக்குப் பின்னால் போனது. "மாட்டியாச்சு மாமா, நீங்க குடுத்த மெஷின்லயேதான்" என்ற பொய் போனில் போனது. அவர் போட்டோ கேட்டபோது, ஆனந்தவள்ளி கீழே குத்த வைத்துப் படத்தைச் சுவரோடு தூக்கிப் பிடிக்க, அவள் விரல் தெரியாமல் எடுத்து அனுப்பிவிட்டான்.

ஒரு வருஷம் ஓடிய அந்தப் பொய்க்கு, இன்று காலை ஏழு மணிக்கு மாமனாரின் போனில் முடிவு வந்தது.

"குத்தாலத்துல சீசன் களை கட்டுதாம் மாப்ள. நானும் ஒங்க அத்தையும் அருவியில குளிச்சிட்டுப் பதினோரு மணிக்கு அங்கன வாரோம். படத்தக் கையால அசைச்சுப் பாப்பேன். எங்க வீட்டுக் காலண்டர் ஆணியப் பாத்திருக்கீயல்லா? ஏழு பேரு சேந்து இழுத்தாலும் வராது. அப்படி நிக்கணும்!"

அந்த ஆணியைச் செந்தில்வேல் பார்த்திருக்கிறான். சாதாரண ஆணி இல்லை அது. கனமாக, பளபளவென்று, முறுக்கிவிட்ட மாதிரி இருக்கும். எந்தக் கடையில் இப்படி ஆணி விற்கிறார்கள் என்று அவன் பொறாமைப்பட்டதுண்டு.

அலறியடித்துப் பெட்டியைப் பிரித்து, பேட்டரியைச் சார்ஜில் போட்டான். மெஷின் வாயில் செருகி ஓட்டை போடும் பிட்டுகள் வரிசையாக இருந்தன. நாலு, அஞ்சு, எட்டு, பத்து. ஆறாம் நம்பர் இருக்க வேண்டிய பள்ளம் மட்டும் காலி.

"கடைக்காரன் எங்கப்பாவ ஏமாத்திட்டானே, பாவி!" என்று ஆனந்தவள்ளி கொதித்தாள்.

"புது மெஷினு வாயில வெள்ளையா தூசி வேற இருக்கு."

"கம்பெனில ஓட்டிப் பாத்திருப்பான். அதையும் தொடச்சு அனுப்பக் கூடாதா?"

இப்போது அதே மெஷின் சுற்றுகிறது. சுவர் அசையவில்லை.

"ஏங்க, கிடைச்சிட்டு! 'முன்னோக்கி, பின்னோக்கிப் பொத்தானைச் சரிபார்க்கவும்.' நீங்க ரிவர்ஸ்ல ஓட்டிட்டு இருக்கீய!"

பொத்தானைத் தட்டினான். விசையை அமுக்கினான். டிரில் உயிர் வந்த மாதிரி துள்ளி, சுவரை விட்டு வழுக்கி, அவன் இடுப்புப் பக்கம் பாய்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் வேட்டியின் நுனி பிட்டில் சுற்றிக்கொண்டது.

"'தொளதொளப்பான உடை அணிந்து இயக்கக் கூடாது'," என்று படித்தாள் ஆனந்தவள்ளி.

"இப்ப சொல்லுதியே!"

வேட்டியைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் விரல் மறுபடி விசையில் பட்டது. மிச்ச வேட்டியும் உள்ளே போனது.

"'பிட்டைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றவும்'."

"அடுத்த வரிய கொஞ்சம் சீக்கிரம் படியேம்ட்டி!"

பேட்டரியைக் கழற்றி, வேட்டியை மீட்டு, ஆபீஸ் பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது மணி பத்து ஐந்து. எலெக்ட்ரீசியன் முப்பிடாதிக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, நான் செங்கோட்டைல வேலையில நிக்கேன். எந்த பிட்டு போடுதிய? ஆறுதான் சரியா இருக்கும்."

"ஆறு இல்லலே."

"அப்ப மெஷினக் கீழ வைங்க. ஆறு வாங்கிட்டு வந்து போடுங்க."

"நேரம் இல்லலே!"

பத்தாம் நம்பரை மாட்டினான். இந்த முறை சுவர் வாயைத் திறந்தது. செங்கல் பொடி கொட்டியது. செந்தில்வேலின் மார்பு விரிந்தது. பேனா பிடித்த கையா இது!

ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிரிப்பை எடுத்து ஓட்டையில் வைத்தான். உண்டியலில் போட்ட காசு மாதிரி உள்ளே விழுந்து காணாமல் போனது. இன்னொன்றை வைத்தான். அதுவும் போனது.

போன் அடித்தது. மாமியார் தங்கத்தாய்.

"மருமவனே, அருவியில தண்ணி கூடிட்டுன்னு போலீசு யாரையும் குளிக்க விடல. 'நானே போலீசு, என்னையவே தடுக்குதியா'ன்னு ஒங்க மாமா கத்திட்டு ஆட்டோவுல ஏறிட்டாவ. நன்னகரம் தாண்டிட்டோம்."

நன்னகரமா! அங்கிருந்து ஆட்டோவுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது!

"பக்கத்துல இன்னொரு ஓட்டை போட்டுருதேன்!" ஸ்டூலில் தாவினான். நாலு விரல் தள்ளி எட்டாம் நம்பரை வைத்து, விசையைக் கடைசி வரை அமுக்கினான். பிட் போனது... போனது... திடீரென்று வெண்ணெயில் இறங்குகிற மாதிரி சுலபமாகப் போனது.

"வள்ளி! பாத்தியா! எப்படிப் போவுது பாரு!"

பிட்டை உருவினான்.

புஸ்ஸ்ஸ்!

சுண்டு விரல் தடிமனில் தண்ணீர் பீறிட்டு, அவன் காதை உரசிக்கொண்டு, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் போய் அடித்தது.

"'சுவருக்குள் குழாய், வயர் செல்கிறதா என முதலில் உறுதி செய்யவும்'," என்றாள் ஆனந்தவள்ளி. "இந்தப் பக்கம் சாரல் ஈரத்துல மொதப் பக்கத்தோட ஒட்டிட்டு இருந்திருக்குங்க."

மெஷினைச் சோபாவில் எறிந்துவிட்டு மாடிக்கு ஓடினான். தொட்டி வால்வைத் திருகினான். துருப்பிடித்த கைப்பிடி மட்டும் தனியே கழன்று அவன் கையோடு வந்தது. தொட்டியில் ஆயிரம் லிட்டர். காலையில்தான் நிரப்பியது.

கீழே ஓடி வந்தான். ஆனந்தவள்ளி ஓட்டையில் துண்டை அடைத்துக்கொண்டிருந்தாள். துண்டு ராக்கெட் மாதிரி பறந்தது.

"அருவியில குளிக்க விடலன்னு ஜனமெல்லாம் திரும்பிப் போவுது. நம்ம வீட்டுல டிக்கெட் போட்டு விடலாம் போலிருக்கே!"

"வாயடிக்க நேரமாட்டி இது?"

வாசலில் ஆட்டோ நின்றது.

செந்தில்வேல் ஒரு முடிவுக்கு வந்தான். ஏழு கிலோ படத்தைத் தூக்கினான். இரண்டு ஓட்டையும் மறையும்படி சுவரில் வைத்து, இரண்டு கையாலும் நெஞ்சாலும் அழுத்திக்கொண்டு நின்றான். தண்ணீர் படத்துக்குப் பின்னால் அடங்கி, சுவரோடு ஒழுகி, சத்தமில்லாமல் தரையில் இறங்கியது.

இசக்கியப்பன் உள்ளே வந்தார். தோளில் காய்ந்த துண்டு. தலையில் தேய்த்த எண்ணெய் அப்படியே வழிந்தது. பின்னால் தங்கத்தாய்.

"என்ன மாப்ள, படத்தக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கீய?"

"தூ... தூசி துடைக்கேன் மாமா."

"நல்ல காரியம். செத்த தள்ளுங்க, அசைச்சுப் பாக்கேன்."

"வேண்டாம் மாமா. உக்காருங்க. காப்பி..."

"அட, கைய எடுங்கங்கேன்!"

முப்பத்தைந்து வருஷப் போலீஸ் குரல். செந்தில்வேலின் கை தானாக இறங்கியது. படமும் அவனோடு விலகியது.

ஒரு வருஷப் பொய் மொத்தமும் புஸ்ஸென்று பீறிட்டு, மாமனாரின் நடு நெற்றியில் அடித்தது. எண்ணெய் வழிந்தது. மீசை தொங்கியது. அருவியில் குளிக்காமல் வந்தவர், மருமகன் வீட்டு ஹாலில் நின்று திருப்தியாகக் குளித்து முடித்தார்.

செந்தில்வேல் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழும், இல்லை வசவு விழும்.

ஒன்றும் விழவில்லை.

கண்ணைத் திறந்தான். இசக்கியப்பன் சோபாவில் கிடந்த டிரில்லையும், திறந்து கிடந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏனோ தரையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் முகம்.

அப்பாவின் கோபத்தைத் திசை திருப்ப ஆனந்தவள்ளி முந்திக்கொண்டாள். "இவுக மேல தப்பு இல்லப்பா! எல்லாம் ஒங்களுக்கு மெஷின் வித்த கடைக்காரனாலதான். ஆறாம் நம்பர் பிட்டு வைக்காம ஏமாத்திட்டான் பாவி!"

வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு குலுங்கிய தங்கத்தாய்க்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"கடைக்காரன ஏம்ட்டி வையுத? ஆறாம் நம்பரு நம்ம வீட்டுச் சுவத்துல சிக்கி, ஏழு பேரு இழுத்தும் வரல. அதுலதாம்ட்டி ஒங்கப்பா காலண்டர மாட்டி வச்சிருக்காவ!"