பச்சை வட்டம் போடுபவர்

‘வறண்ட மண்ணை நாற்பதாண்டு காலம் தம் இரு கைகளால் சோலையாக்கியவர், மரங்களின் மொழி அறிந்தவர், நிழலின் சிற்பி.’ அருணகிரியைப் பற்றி விருதுப் பட்டயம் இப்படிச் சொல்கிறது. அந்த இரு கைகளை நான் பார்த்திருக்கிறேன். மண் பட்டால் உடனே டிஷ்யூ பேப்பர் தேடும் கைகள். மரங்களின் மொழியா? வேம்பு எது, மலைவேம்பு எது என்று தெரிந்துகொள்ள, தோட்டவேலை பார்க்கும் முத்தம்மாளைத்தான் அவர் கூப்பிடுவார்.

இந்த இனத்துக்கு நிலவனப்புக் கலைஞர், அதாவது லேண்ட்ஸ்கேப் டிசைனர், என்று பெயர். இருபதாம் நூற்றாண்டில் பட்டம் வாங்கி, இருபத்தொன்றாம் நூற்றாண்டில் விருது வாங்குவது இதன் வாழ்க்கை முறை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஏதாவதொரு கம்பெனி வாசலில், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கக்கத்தில் சுருட்டிய வரைபடத்தோடு, ஒன்றுமே முளைக்காத இடத்தைப் பார்த்து ஒருவர் “பிரமாதம்!” என்று சொல்லிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அவர்தான்.

எண்பதுகளில் கம்பெனி கம்பெனியாக நெட்டிலிங்கத்தை வரிசை கட்டி நிறுத்தினார். தொண்ணூறுகளில் அதையெல்லாம் எடுக்கச் சொல்லிப் புல்தரை விரித்தார். புல் குடித்த தண்ணீரில் பாதி சோழவரம் ஏரி காலியாகியிருக்கும். புத்தாயிரம் பிறந்ததும் புல்லைச் சுரண்டிவிட்டு அலங்காரப் பனை. இப்போது ‘நம் மண்ணின் மரங்கள்’ என்று மேடைக்கு மேடை உருகுகிறார். அந்த மண்ணின் மரங்களை முதலில் வெட்டச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். கேட்டால், “அது அந்தக் காலத்துப் பார்வை” என்பார்.

ஆனால் இந்த இனத்தின் தனித்திறமை வேறு. மற்றவர்கள் மரத்தை மண்ணில் நடுவார்கள். இவர்கள் காகிதத்தில் நடுவார்கள். வரைபடத்தில் மரம் என்றால் ஒரு பச்சை வட்டம். இருபது வருடம் கழித்து அது எவ்வளவு விரியுமோ, அவ்வளவு பெரிய வட்டத்தை இன்றைக்கே போட்டுவிடுவார்கள். காகிதத்தில் பார்த்தால் காடு. நேரில் போனால், குச்சியில் கட்டிய ஒரு கன்று. அதன் நிழலில் ஒரு டிபன் பாக்ஸைக்கூட வைக்க முடியாது.

டிபன் பாக்ஸ் என்றதும் அந்தப் புங்கமரம் ஞாபகத்துக்கு வருகிறது. இரும்புக் கம்பி செய்யும் ஒரு கம்பெனியின் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. யாரும் நட்டதாகத் தெரியவில்லை. கான்டீன் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும். ஆகவே முத்தம்மாள் உட்பட ஒப்பந்த வேலை பார்க்கும் பதினான்கு பெண்களுக்கு மதியச் சாப்பாடு அந்த மரத்தடியில்தான். மே மாதத்து ஒரு புதன்கிழமை, அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அருணகிரி அதில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டார்.

“இன்னா சார் இது, சோறு துன்ற எடத்துல பெயின்ட் அடிச்சிக்கினு கீறீங்க?” என்றாள் முத்தம்மாள்.

“வெள்ளிக்கிழமை மிஷின் வருது, வெட்டிடுவாங்க. கம்பெனி போர்டை மறைக்குது. டிராயிங்லயே இந்த மரம் கிடையாது.”

“டிராயிங்ல நாங்களுந்தான் இல்ல. அதுக்குன்னு எங்களயும் வெட்டிடுவீங்களா?”

“உனக்கு டிசைன் புரியாது முத்தம்மா.”

“புரியாது சார். மண்ட காயறது புரியும். இல்லன்னா அந்த மரத்தையும் டிராயிங்ல போட்டுக்கோங்க. பென்சிலு தான?”

பக்கத்திலிருந்த மெர்சி ஊறுகாயை நக்கியபடி, “வுடுக்கா, சாருக்கு இன்னா, ஏசி காருல வராரு, ஏசி காருல போறாரு” என்றாள்.

அருணகிரி சிரித்தார். பெரிய மனிதர்கள் காது கேட்டும் கேளாததுபோல் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

மறுநாள் மதியம், யாரும் எதிர்பாராமல், கம்பெனிகள் சட்டப்படி விட வேண்டிய பசுமைப் பரப்பைச் சோதிக்கும் அரசு அதிகாரி வந்துவிட்டார். அருணகிரி வரைபடத்தை விரித்துக் காட்டைக் காட்டினார். அதிகாரி தலைநிமிர்ந்து பொட்டலைப் பார்த்தார். அலங்காரப் பனைகளின் நடுவே நடந்தார். ஒவ்வொன்றின் நிழலும் துடைப்பக்குச்சி அகலம். கைக்குட்டை பிழிகிற அளவுக்கு நனைந்தது. அப்புறம் யாரும் வழிகாட்டாமலே அவர் கால்கள் புங்கமரத்தடிக்குப் போய் நின்றன. பெண்கள் டப்பாக்களை ஒதுக்கி இடம் விட்டார்கள்.

“அப்பாடா! நல்ல மரம். டிராயிங்ல இது எங்க?”

“இதை மையமா வெச்சுத்தான் சார் டிசைனே!”

“அப்ப இந்தச் சிவப்புக் குறி?”

“பாதுகாக்க வேண்டிய மரம்னு அடையாளம் சார்.”

தண்ணீர்க்குழாயோடு நின்ற முத்தம்மாள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“ஆமா சார், பாதுகாக்கத்தான். நாளிக்கு மிஷினே வருது, பாதுகாக்க.”

அதிகாரி திரும்பி அருணகிரியைப் பார்த்தார்.

“மிஷின் கேன்சல் முத்தம்மா, உனக்குச் சொல்லலையா?” என்றார் அருணகிரி, பென்சிலைத் தேடியபடி.

விருதுப் பட்டயத்தின் பின்னணியில் இருப்பது அந்த மரத்தின் படம்தான். சிவப்புக் குறி தெரியாத பக்கமாக எடுத்திருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன ஜூன் மாதம் கன்று நட்டு, மண்வெட்டியோடு படம் எடுத்து, ஸ்டேட்டஸ் வைத்தீர்களே, அந்தக் கன்று இப்போது எங்கே? தெரியாதா? அப்படியானால் உங்களுக்கும் ஒரு பட்டயம் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

அருணகிரி உண்மையில் செய்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். தானாக வளர்ந்த ஒரு புங்கமரத்தைச் சுற்றி, வரைபடத்தில், பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.