மூன்றாம் சுற்றுக்குப் பின் இரண்டு நிமிடம்

வாசகரே, ‘வழக்கக் காவலர்’ என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. எங்கள் பெல்காம்ப் எஸ்டேட்டில் அது அக்டோபரில் வெளிவரும். ஃபெசன்ட் பறவை வேட்டை முடியும் பிப்ரவரி வரை புல்வெளியெங்கும் தென்படும். கோடையில் கிரிக்கெட் மைதானத்து ஓரத்திலும் மீன்பிடி ஓடைக்கரையிலும் மேயும். எண்ணிக்கை குறைந்ததே இல்லை. காரணம், அதைச் சுடும் வழக்கம் இங்கே கிடையாது.

அடையாளம் காண்பது எளிது. முழங்காலோடு முடிந்துவிடும் கம்பளிக் கால்சட்டை, மூன்று தலைமுறை மழையில் நனைந்ததுபோல் தெரிய வேண்டும் என்று சொல்லிப் போன வருடம் தைத்து வாங்கிய கோட்டு, எஜமானர் பேச்சைத் தவிர எல்லார் பேச்சையும் கேட்கும் ஒரு நாய், இவற்றுக்கு மேலே சிவந்த ஒரு முகம், அதில் எப்போதும் ஒரே வாக்கியம்: “இங்க எப்பவுமே இப்படித்தான்.” எப்போதிலிருந்து? கேட்டுப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் பந்து விளையாடியவனைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்ப்பார்.

எங்களிடம் இருப்பதில் முதல்தரமான மாதிரி மிஸ்டர் லயனல் ஃபாஸெட். லண்டன் பக்கம் க்ராய்டனில் குளியலறை ஓடு விற்று ஓய்ந்து, முப்பது வருடத்துக்கு முன் எஸ்டேட் எல்லையில் வீடு வாங்கி வந்தவர். எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரரான பிரபுவுக்கு மரபைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. மதியச் சாப்பாடு சூடாக இருந்தால் போதும். இருநூற்றைம்பது வருடமாக இருக்கும் குடும்பம் அப்படித்தான் இருக்கும். முப்பது வருடமாக இருப்பவர்தான் காவலுக்கு நிற்பார்.

வேட்டை நாளில் ஃபாஸெட்டைப் பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு, சுட வந்த எட்டுத் துரைமாரும் யார் எந்த இடத்தில் நிற்பது என்று முடிவுசெய்ய, எண் பொறித்த எலும்புக் குச்சிகளை உருவுவார்கள். யாராவது வலக்கையால் உருவினால் ஃபாஸெட் இருமுவார். இடக்கையால்தான் உருவ வேண்டும். பதினொரு மணி சூப்பைக் கரண்டியில்லாமல் எனாமல் குவளையில்தான் குடிக்க வேண்டும்; ஜின் புட்டி கடிகாரம் சுற்றும் திசையில்தான் கை மாற வேண்டும்; பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ பண்டத்தை நீளவாக்கில் வெட்டிய ஒருவர் மறு வருடம் அழைக்கப்படவேயில்லை.

சூப் காய்ச்சும் மோரீன் ஒருமுறை பொறுமையிழந்தாள்.

“ஏன் சார், ஆளுக்கொரு கரண்டி குடுத்தா வானம் இடிஞ்சு விழுந்துடுமா? காரட்டெல்லாம் அடியிலயே தங்கிடுது.”

“காரட் அடியில தங்குறதுதான் மோரீன், பெல்காம்ப்.”

“அப்போ காரட்டே போடாம விட்டுடறேன்.”

“போடணும். எப்பவுமே போட்டிருக்கு.”

என் தொழில் பாலங்களைச் சோதிப்பது. எது எதைத் தாங்குகிறது என்று பார்த்து, அளந்து, எழுதித் தருவேன். தாங்குவதுபோல் நிற்கும் தூண்களில் சில எதையுமே தாங்குவதில்லை. அவற்றை இடித்துவிடலாம் என்று எழுதுவேன். இடிக்க மாட்டார்கள். எப்போதுமே இருந்ததாம்.

பெல்காம்ப் வழக்கங்களில் எல்லாவற்றுக்கும் தலையாயது ஒன்று உண்டு. மூன்றாம் சுற்றுச் சூடு முடிந்து நான்காவதுக்கு நடந்துபோகும் வழியில், ஒரு கல்தூணில் தொங்கும் பழைய மரக் கேட். அங்கே எல்லாரும் நிற்பார்கள். துரைமார், புதரைத் தடியால் தட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடும் தடிக்காரர்கள், நாய் பிடிப்பவர்கள், எல்லாரும். தொப்பியைக் கழற்றி, வாயை மறைத்தாற்போல் முகத்துக்கு முன்னால் பிடித்து, தலையைக் குனிந்து, காலடியை உற்றுப் பார்த்தபடி, இரண்டு நிமிடம். பேச்சு மூச்சு இருக்காது. “இங்கிலாந்துல வேற எந்த எஸ்டேட்டுலயும் இது கிடையாது” என்பார் ஃபாஸெட். உண்மை. ஏன் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

என் அப்பா சிரில் மாடக்ஸ் பெல்காம்பின் வேட்டைக் காவலர். நாற்பத்தோரு வருடம் ஃபெசன்ட் குஞ்சு வளர்த்தார், நரியை விரட்டினார், வேட்டையை நடத்தினார். 1988 நவம்பரில், அந்தக் கேட்டருகே வரும்போது அவருக்கு ஒரு தும்மல் வந்தது. மேல்வரிசைப் பல்செட் எகிறி இலைச்சருகுக்குள் விழுந்தது. பின்னால் எட்டுத் துரைமார், பதினாறு பூட்ஸ். யாராவது மிதித்தால் போச்சு. ‘நில்லுங்கள்’ என்று சொல்ல வாயைத் திறந்தால் மானம் போச்சு. அப்பா ஒரு கையை உயர்த்தினார். மறுகையால் தொப்பியைக் கழற்றி வாயை மறைத்தார். தலையைக் குனிந்து சருகைத் தேடினார்.

பின்னால் வந்தவர்கள் கண்டது என்ன? காவலர் தொப்பியைக் கழற்றி, முகத்தை மூடி, தலை குனிந்து நிற்கிறார். யாரோ இறந்துவிட்டார்கள் போல. எட்டுத் தொப்பிகளும் கழன்றன. எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்பது அநாகரிகம். நாற்பது நொடியில் பல் கிடைத்தது. அப்பா அதன்மேல் தொப்பியைப் போட்டு, தொப்பியோடு சேர்த்து எடுத்து, திரும்பி நின்று மாட்டிக்கொண்டு, “நன்றிங்க துரை” என்றார். நடந்தார்கள்.

மறு வருடம் அதே கேட்டருகே மேஜர் ஒருவர் தாமாகவே தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். அப்பாவுக்கு வேறு வழியில்லை. அன்று மாலை பூட்ஸைக் கழற்றிக்கொண்டே எனக்கு மட்டும் சொன்னார்.

“சொல்லிட வேண்டியதுதானேப்பா?”

“எப்படிச் சொல்றது? கழட்டிட்டாங்களே! இப்போ போய் ‘துரை, நீங்க என் பல்லுக்கு மரியாதை பண்றீங்க’ன்னா நல்லாவா இருக்கும்? நீயும் வாயைத் தொறக்காதே.”

வேட்டைப் பதிவேட்டில் அன்று அப்பா குறும்பாக எழுதிய வரி: “வழக்கம்போல் கேட்டில் நின்றோம்.” ஐந்து வருடம் கழித்து வந்த ஃபாஸெட் அதைக் கண்டெடுத்தார். அவருக்கு அது போதும். “1989லயே ‘வழக்கம்போல்’னு எழுதியிருக்குன்னா, எவ்வளவு பழசா இருக்கணும்!” முதலில் அது மூன்றாம் பிரபுவின் நாய்க்குச் செய்யும் அஞ்சலி என்றார். பிறகு நாய் குதிரையாயிற்று. குதிரைக்கு சுல்தான் என்று பெயர் வந்தது. 1782 என்று ஒரு வருடம் வந்தது. நாற்பது நொடி இரண்டு நிமிடமாயிற்று. வேலையிலிருந்து ஓய்ந்த பிறகும் அப்பா அந்தக் கேட்டுக்கு மட்டும் தவறாமல் வந்தார். தொப்பிக்குப் பின்னால் அவர் தோள் குலுங்கும். சிரிப்பு என்று நான் அறிவேன். “முதிய காவலர் ஆண்டுதோறும் கண்ணீர் விடுகிறார்” என்று ஃபாஸெட் எஸ்டேட் வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அப்பா போன மார்ச்சில் இறந்தார். பெல்காம்பில் அவர் பெயர் எங்கும் இல்லை. துப்பாக்கி அறைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. முப்பத்தொரு நாய்களின் பெயர்கள் தங்க எழுத்தில். எண்ணிப் பார்த்தேன். காவலர் ஒருவரும் இல்லை.

அக்டோபரில் ஃபாஸெட் என்னைத் தேடி வந்தார்.

“பெவ், கேட்டுத் தூண்ல ஒரு ஸ்லேட் கல் பதிக்கப் போறோம்மா. சுல்தான் நினைவா. நவம்பர் சனிக்கிழமை திறப்பு.”

“அப்பா பேரையும் போடலாமே சார். எல்லா வருஷமும் முன்னால நின்னது அவர்தான்.”

அவர் நிஜமாகவே சங்கடப்பட்டார். கெட்ட மனிதர் இல்லை. “எனக்கும் ஆசைதான். சிரிலை எனக்குப் பிடிக்கும். ஆனா காவலர் பேரு போடறது இங்க வழக்கமில்லையே. அதோட குதிரை பேரும் வருஷமும் போட்டாலே கல்லு நிறைஞ்சிடுது.”

பிறந்தே இராத ஒரு குதிரை, என் அப்பாவின் இடத்தில் ஏறி உட்காரப் போகிறது. ஒரு வாக்கியம் போதும், குதிரையைக் கீழே தள்ளிவிடலாம். நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகும்? ஃபாஸெட்டின் முப்பது வருடம் ஒரே பொழுதில் சரியும். அது பரவாயில்லை. கிராமத்து மதுக்கடையில் சிரில் மாடக்ஸ் இனி ‘பல்லு மாடக்ஸ்’ ஆகிவிடுவார். அதையும் பொறுத்துக்கொள்ளலாம், அவரே சிரித்திருப்பார். ஆனால் அடுத்த வேட்டையில் அந்தக் கேட்டை எல்லாரும் பேசிக்கொண்டே கடந்து போவார்கள். யாரும் நிற்க மாட்டார்கள்.

“என்னம்மா யோசிக்கிறே?”

“கல்லு எத்தனை மில்லிமீட்டர் சார்?”

“இருபது. நீதான் இன்ஜினியர் ஆச்சே, நீயே பதிச்சுக் குடுத்துடேன்.”

பதித்தேன். வியாழக்கிழமை மதியம், சாரல் விட்டபின். சாந்து குழைக்க டட்லி வந்தான். முப்பது வருடமாகத் தடிக்காரன். வாய் சும்மா இருக்காது.

“இருபது மில்லி கல்லுக்கு எதுக்கு இவ்ளோ ஆழம் தோண்டுறே? குதிரையையே உள்ள வெச்சுப் பூசப் போறியா?”

“உறைபனிக்கு இடம் விடணும்.”

“பாலம் கட்டுறவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு கணக்கு” என்று முனகிக்கொண்டே தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போனான்.

மருத்துவமனையில் அப்பாவின் பொருள்கள் என்று ஒரு பை கொடுத்திருந்தார்கள். கைக்கடிகாரம், கண்ணாடி, மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. எட்டு மாதமாக அந்த டப்பா என் காரில் என்னோடு பாலம் பாலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எறிய முடியவில்லை. வீட்டுக்குள் வைக்கவும் முடியவில்லை. உள்ளே அதே மேல்வரிசைப் பல். முப்பத்தாறு வருடம் அதே செட். புதிதாக ஒன்று செய்துகொள்ளச் சொன்னால், “இதுவே பழகிடுச்சு. எப்பவும் இதானே” என்பார். அவரும் அந்த இனம்தான், பார்த்தீர்களா?

டட்லி திரும்பி வருவதற்குள் பல்செட்டைப் பள்ளத்தில் வைத்து, சாந்து அப்பி, கல்லை அழுத்தி, மட்டம் பார்த்தேன். நேராக இருந்தது.

சனிக்கிழமை வெயில் அடித்தது. மூன்றாம் சுற்று முடிந்து எல்லாரும் கேட்டுக்கு வந்தார்கள். பிரபு கடிகாரத்தைப் பார்த்தார். மதியச் சாப்பாடு ஆறிவிடும் என்ற கவலை. ஃபாஸெட் சிறிய உரை ஆற்றினார். சுல்தானுக்கு இந்த வருடம் ஒரு வெள்ளைக் கால் முளைத்திருந்தது. பச்சைத் துணியை விலக்கினார். பிறகு, அவர் எந்தச் சைகையும் செய்யாமலே, முப்பது தொப்பிகள் கழன்றன. முப்பதும் வாய்க்கு முன்னால் போய் நின்றன. முப்பது தலைகளும் குனிந்து சருகைத் தேடின.

நான் கையைப் பார்த்தேன். கட்டியிருந்தது அப்பாவின் கடிகாரம். நாற்பது நொடி. ஒரு நிமிடம். நாட்டிலேயே பெரிய ஒரு குடும்பத்தின் தலைவரும், ஒரு வங்கி முதலாளியும், ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியும், வாயாடி டட்லியும், ஈரச் சருகில் நின்று, தலைக்கு ஒன்றுமில்லாமல், வேட்டைக் காவலர் சிரில் மாடக்ஸுக்கு மௌனம் காத்தார்கள். அடுத்த வருடமும் காப்பார்கள். நான் இல்லாத வருடமும் காப்பார்கள். எந்தப் பிரபுவுக்கும் இங்கே இப்படி நடந்ததில்லை.

தொப்பிக்குப் பின்னால் என் தோள் குலுங்கியது. ஃபாஸெட் சத்தமில்லாமல் கைக்குட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அது சிரிப்பா என்று நான் அளந்து பார்க்கவில்லை.

என் பக்கத்தில் எடின்பரோவிலிருந்து விருந்தாளியாக வந்த ஓர் அம்மாள் நின்றிருந்தார். புதியவர். தொப்பிக்குப் பின்னாலிருந்து மெல்லக் கேட்டார்:

“தப்பா நினைக்காதீங்க, இதெல்லாம் எதுக்கு?”

பாலங்களுக்கு நான் எழுதும் அறிக்கையில் ஒரு பொய்கூட இருந்ததில்லை. அப்போதும் நான் பொய் சொல்லவில்லை.

“ஷ்ஷ்! இங்க எப்பவுமே இப்படித்தான்.”

கல்லறைத் தோட்டத்தில் பந்து விளையாடியவரைப் பார்ப்பதுபோல் பார்த்தும் தொலைத்தேன். எதிரே ஃபாஸெட் பெருமையோடு தலையசைத்தார். இரண்டு நிமிடம் முடிந்திருந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இனி அது இரண்டரை.

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. தாராளமாக. ஆனால் உங்கள் வீட்டிலும் வருடத்துக்கு ஒருமுறை, ஏன் என்று ஒருவருக்கும் தெரியாமல் எல்லாரும் சேர்ந்து செய்கிற காரியம் ஒன்று இருக்கும். அடுத்த முறை யாராவது புதிதாக வந்தவர் காரணம் கேட்டால், உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். பழக்கமான அந்த வாக்கியம்தான் வருகிறது என்றால், உடனே வாயை மூடிக்கொள்ளுங்கள்.

தொப்பி இருந்தால் வசதி.