பிழைக்க ஏற்ற இடம்

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண்ணிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கக் கூடாது. விஷயம் தெரிந்தால் ஒரு மணி நேரம் பேசுவாள். தெரியாவிட்டால் இரண்டு மணி நேரம் பேசுவாள். எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான் என்பதால் (கைநாட்டுக் குடும்பத்தில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டவள், சும்மாவா?) இதைச் சொல்லி எச்சரிக்க எங்கள் வீட்டில் ஆளில்லாமல் போய்விட்டது.

சீனாக்காரனோடு சண்டை மூண்டபோது டீக்கடை ரேடியோவைக் கேட்டுக் கேட்டு என் அய்யா கலங்கிப்போனார். சண்டை நின்றது, அவர் பயம் நிற்கவில்லை.

"இன்னைக்குச் சீனாக்காரன், நாளைக்கு எவனோ. ரயில் நின்னுரும், கடையெல்லாம் மூடிருவான். தீப்பெட்டிக்குக்கூட ஒருத்தன் வாசலுக்குப் போகாமப் பிழைக்கிற மாதிரி ஒரு எடம் வேணும்" என்றார். சொந்தத் தண்ணீர், சொந்த ஆடு, சொந்தக் கேப்பை. குண்டு போடுகிறவன் கண்ணில் படாதபடி ரோட்டைவிட்டு ஒதுங்கியும் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பனந்தோப்பு தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே கடலோரத்தில் விலைக்கு வந்தது. அதை வாங்க வேண்டுமானால் எங்களுக்கிருந்த ஒரே வயலை, கண்மாய்த் தண்ணீர் பாய்கிற வயலை, விற்றாக வேண்டும்.

"வயலை வித்துட்டு மணலைத் திங்கவா?" என்றாள் ஆத்தா.

"நீ சும்மா இரு. தாயி வந்து பாக்கட்டும். அவ சரின்னா வாங்குவேன், வேணாம்னா விட்டுருவேன்."

ஆக, வயலின் தலையெழுத்து என் வாயில் இருந்தது. அந்த வயதில் என் வாயை நம்பி ஒரு வெண்டைச் செடியைக்கூட விட்டிருக்கக் கூடாது.

தோப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு போனேன். (வெயில் இல்லை. இருந்தாலும் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் குடையோடு வருவதுதான் அழகு.) மண்ணை அள்ளி மோந்துவிட்டு "ம்" என்றேன். அய்யாவும் மோந்துவிட்டு "ம்" என்றார். கையாலேயே மணலைப் பறித்ததும் தண்ணீர் ஊறியது. குடித்தால் இளநீராக இனித்தது. பனையில் நுங்கு, கருப்பட்டி, ஓலை, விறகு. கடலில் மீன். ஆட்டுக்கு வேலங்காய். பூகோளத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

அக்கம்பக்கத்தையும் விசாரித்துவிடலாம் என்று, தோப்போரத்தில் புட்டு விற்றுக்கொண்டிருந்த ரஹ்மத் அக்காவிடம் போனேன். ஆட்டுக்கு என்ன தீனி கிடைக்கும் என்பதில் தொடங்கினேன்.

"இந்தத் தோப்புக்குள்ள ஆளுக தங்குனா ரோட்டுலருந்து தெரியுமாக்கா?"

"தெரியாதும்மா."

"போலீசு, அதிகாரிக எல்லாம் அடிக்கடி வருவாகளா?"

புட்டு மாவைப் பிசைந்த கை நின்றது. "எப்பவாச்சும்" என்றார், குரலைத் தாழ்த்தி.

"வள்ளம் கரை வரைக்கும் வருமா?"

"இடுப்பளவு தண்ணிதான். தாராளமா வரும். எத்தனை பேரு?"

"முதல்ல நாங்க ஒரு குடும்பம். சரிப்பட்டுச்சுன்னா மத்தவுகளையும் கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டிட்டுப் போயிரலாம்." (போலீஸைக் காவலுக்கும் வள்ளத்தை மீனுக்கும்தான் கேட்டேன். கூட்டிப்போவதும் தோப்புக்குள் என்றுதான் நினைத்துச் சொன்னேன்.)

"என்னைக்கு?"

அய்யா முந்திக்கொண்டார். "வர்ற அமாவாசைக்கு. நாங்க எதைத் தொடங்குனாலும் நெறஞ்ச அமாவாசையிலதான்."

ரஹ்மத் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, இலையில் இன்னொரு புட்டை வைத்தார். படித்த பெண்ணுக்கு ஊர் கொடுக்கிற மரியாதை என்று அதைச் சாப்பிட்டேன். அந்தக் கரையிலிருந்து இலங்கைக்கு ஆள் கடத்துகிற கள்ளத்தோணியும் நிலா இல்லாத அமாவாசையில்தான் கிளம்பும் என்பது எங்கள் பூகோளப் புத்தகத்தில் இல்லை.

"பிழைக்க இதைவிட ஏத்த எடம் ஜில்லாவுலயே கெடையாது" என்று அய்யாவிடம் தீர்ப்புச் சொன்னேன். வயலுக்கு ஆள் பேசிவிட்டார். அமாவாசையன்று தோப்பில் குடிசைக்கு முதல் கால் ஊன்றி, மறுநாள் வயலைக் கிரயம் செய்துகொடுப்பதாக ஏற்பாடு. அன்று ஆத்தா சோறு போட்ட சத்தத்தில் தட்டு நெளிந்தது.

அமாவாசை சாயங்காலம் அய்யாவும் நானும் தோப்பில் குழி தோண்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவராக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோர் கையிலும் மூட்டை. வந்து மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"பாத்தியா தாயி, எப்படிப்பட்ட சனங்க. ஒத்தாசைக்கு வந்திருக்காக" என்று அய்யா நெகிழ்ந்தார்.

எனக்குப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய தொண்டை. சும்மா இருக்குமா? குடையை ஊன்றி எழுந்து நின்றேன். "நீங்க எல்லாரும் வந்ததுல ரொம்ப சந்தோஷம். இனிமே நாம யார் தயவையும் எதிர்பார்க்க வேண்டாம். கஷ்டகாலம் முடிஞ்சது" என்று ஆரம்பித்தேன். ஒரு பெரியவர் அழுதே விட்டார்.

ரஹ்மத் அக்கா மூட்டையோடு முன்னால் வந்தார். "எங்க வீட்டுக்காரவுக கொழும்புல கடையில நிக்கிறாக. முகம் பாத்து வருசக்கணக்காச்சு. தோணி எப்பம்மா வரும்?"

"எந்தத் தோணி?" என்று நான் கேட்டதும், பனைமரங்களுக்கு நடுவிலிருந்து டார்ச் வெளிச்சம் விழுந்ததும் ஒன்றாக நடந்தன.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையாவுக்கு நான் விளக்கினேன். விளக்க விளக்க வழக்கு வலுத்தது. ரோட்டுக்குத் தெரியாத இடம் எதற்கு என்றார். ஆபத்துக் காலத்தில் ஒளிந்துகொள்ள என்றேன். யாரிடமிருந்து என்றார். அது இன்னும் தெரியாது என்றேன். அய்யா என் குடையை வாங்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது மூட்டைக்காரர்கள்தான். என்மேல் அவர்களுக்கு அவ்வளவு ஆத்திரம்.

"இந்தப் பொண்ணு ஏஜெண்டே இல்ல, எசமான்" என்றார் அழுத பெரியவர். "ஏஜெண்டுன்னா வாயைத் தொறக்க மாட்டான். இது மூடவே இல்ல."

"எங்கிட்ட ஆட்டுக்கு என்ன தீனி கெடைக்கும்னு கேட்டுச்சு" என்றார் ரஹ்மத் அக்கா. "கள்ளத்தோணியில யாரு ஆட்டை ஏத்துவா?"

ஏட்டையா என்னைப் பார்த்தார். "என்ன படிச்சிருக்கே?"

"எஸ்.எஸ்.எல்.சி."

"அதை முதல்லயே சொல்லிருந்தா அப்பவே விட்ருப்பேனே."

விடிந்ததும் அவர்களையும் திட்டி அனுப்பினார், எங்களையும் அனுப்பினார். ரஹ்மத் அக்கா மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களைத் திரும்பியே பார்க்காமல் நடந்தார்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார் அய்யா, பஸ்ஸில்.

"ஆமாய்யா."

"மீனும் இருக்கு, பனையும் இருக்கு. அப்புறம் ஏன் தாயி, இம்புட்டுப் பேரு இருட்டுல கடலைத் தாண்டி ஓடப் பாக்குறாக?"

என் ஆராய்ச்சியில் நான் யாரிடமும் கேட்காத கேள்வி அது. அன்று அய்யா வயலை விற்கவில்லை. இன்றுவரை அந்த வயல் நெல்தான் வீட்டில் வேகிறது. ஒவ்வொரு அறுப்புக்கும் முதல் படியை அளக்கும்போது ஆத்தா என்னைப் பார்த்து, "நம்ம ஏஜெண்டம்மா புண்ணியம்" என்பாள்.

அதற்குப் பிறகு எந்த ஊரை எடைபோட்டாலும் அய்யாவுக்கு அந்த ஒரே கேள்விதான். என்னைக் கட்டிக்கொடுக்க மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது நிலம், நகை, மாடு எதையும் கேட்கவில்லை. "உங்க ஊரைவிட்டு யாராச்சும் ஓடிப்போயிருக்காகளா?" என்றார்.

சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒருத்தன் போனான். போன வேகத்துல திரும்பி வந்துட்டான்" என்றார் என் மாமனார்.

"திரும்பி வந்துட்டான்ல? அப்ப நல்ல ஊருதான்" என்று அய்யா அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டார்.

ஓடிப்போய்த் திரும்பி வந்தவர் மாப்பிள்ளைதான் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள்.